இரண்டு டிக்கெட், ஒன்பது பேர்

பெப்ரவரி 18, புதன். டூட்டிங், லண்டன்

காலையிலிருந்து மழை. விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. வேலைக்குப் போகும் வழியில் பூசை கண்டுவிட்டு நெற்றியில் சாம்பலோடு ஆஸ்பத்திரி மருந்தகக் கவுண்டரில் நின்றேன். மருந்து வாங்க வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, முகத்தில் ஊத்தை என்று டிஷ்யூ எடுத்துத் தந்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

சூட்கேஸ் இன்னும் பாதியில். என்னுடைய பெட்டிதான், ஆனால் என் சாமான் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது:

– வறுத்த சிவப்பரிசி மா, இரண்டு பை
– கட்டைச் சம்பல், போத்தலில், மேலே மூன்று பொலித்தீன்
– சின்ன ரைஸ் குக்கர்
– நீத்துப்பெட்டி
– செபப் புத்தகங்கள்
– வயிற்றுக்குக் குளிசை, எல்லாருக்கும்

தாய்லாந்துக்குப் போகிறோம். சாப்பாட்டுக்காகவே உலகம் அங்கே போகிறது. நாங்கள் புட்டு அவிக்க நீத்துப்பெட்டி கொண்டு போகிறோம்.

நவம்பரில் நான் எடுத்தது இரண்டு டிக்கெட். எனக்கொன்று, இவருக்கொன்று. இருபத்தெட்டு வருடக் கலியாணத்தில் நாங்கள் இருவரும் தனியாக ஓரிடம் போனதில்லை. லூர்து போனோம், கோயில் சனத்தோடு. வால்சிங்கம் மாதாவிடம் வருடா வருடம், கோயில் பஸ்ஸில். மிச்சமெல்லாம் டொரொன்டோவில் கலியாணம், பாரிஸில் செத்தவீடு. வடக்குத் தாய்லாந்தில் நன் என்றொரு மாகாணம். வேலையில் கூட நிற்கிற பிள்ளை வீடியோ காட்டினாள். மலை, வயல், மரத்தில் இளஞ்சிவப்புப் பூ. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு சனமும் இல்லை. தமிழ்ச் சனம் போகாத இடமாகப் பார்த்துத்தான் தெரிவு செய்தேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து ஹோலில் தேத்தண்ணி. இவர் வாயைத் திறந்தார்.

"அல்பிரட் அண்ணை, நாங்கள் தாய்லாந்து போறம்."

"ஆ! எப்ப?"

"மாசி கடைசியில. நீங்களும் வாங்கோவன்."

அந்த "வாங்கோவன்" எங்கள் சனத்துக்கு ஒரு மரியாதைச் சொல். யாரும் அதற்காக வருவதில்லை. அல்பிரட் அண்ணை வந்தார். அவர் மனுசி புஷ்பமக்கா வந்தா. மாத முடிவில் ஒன்பது பேர். அ.அ. (இனி இப்படித்தான், முழுதாக எழுதக் கை நோகிறது) எங்கள் கோயிலின் எல்லாப் பயணத்துக்கும் பொறுப்பு. வால்சிங்கம் பஸ்ஸுக்கு விசில் ஊதித் தலை எண்ணுகிறவர். இதற்கும் விசில் எடுத்துவிட்டாராம்.

இவரிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பயணமே. லண்டனிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் நோர்விச். அங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மேல்பதவிக்கு ஒக்டோபரில் விண்ணப்பித்தேன், இப்போது கிடைத்திருக்கிறது. மார்ச் இரண்டு, திங்கள், மறுமொழி சொல்லவேண்டும். இவர் ரயில் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட், நான் பகல். பேச்சுவார்த்தை எல்லாம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிற துண்டில்தான். "பால் முடிஞ்சுது." "பொயிலர்காரன் வருவான்." இவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகத்தான் நினைக்கிறேன். அதைக் குளிர்பெட்டியில் ஒட்ட ஏலாது. ஒரு மலையடிவாரத்தில், ஆறுதலாக, முகம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மகள் ரெனி மன்செஸ்டரிலிருந்து மெசேஜ்: "அம்மா, ஹாவ் யூ டோல்ட் அப்பா யெட்?"

இல்லை மகள்.

பெப்ரவரி 21, சனி. நன் நகரம்

வெயில். புகை. மலை எங்கே என்று வான் டிரைவர் சோம்சாயைக் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினான். அங்கே ஒன்றுமில்லை, சாம்பல் நிறம் மட்டும். இந்த மாதங்களில் காடும் வயலும் எரிப்பார்களாம், அவனுடைய போன் மொழிபெயர்த்துச் சொன்னது. வீடியோவில் பார்த்த பச்சை வயல் மழைக்காலத்தில்தானாம். இப்போது வெட்டின தாள். வீடியோ காட்டின பிள்ளை இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விமானத்தில் அ.அ. ஆசனங்களை மாற்றுவித்தார். கோயிலில் மாதிரி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பணிப்பெண் பாவம், ஏதோ பெரிய காரணம் இருக்கிறது என்று நினைத்து உதவி செய்தாள். பாங்கொக் வரை என் பக்கத்தில் புஷ்பமக்கா. விமானம் ஆடினால் செபமாலை. ஆடாவிட்டால் மகளின் கலியாண ஹோல். கதிரைக்குப் போட்ட துணியின் நிறம்வரை எனக்கு இப்போது பாடம்.

இதாவது பறவாயில்லை. ஹோட்டலில் சாவிகளைக் கையில் வாங்கிக்கொண்டு அ.அ. சொல்கிறார்:

"ஆம்பிளையள் மேல் மாடி. பெண்டுகள் கீழ. வால்சிங்கத்தில இருக்கிற மாதிரித்தான். தவக்காலமும் தானே."

தவக்காலம் தானே! எனக்கு ஐம்பத்து நாலு வயது. கட்டின மனுசனோடு ஒரு அறையில் படுக்க அ.அ.விடம் அனுமதி வேண்டும். நான் இவரைப் பார்த்தேன். இவர் தன் சூட்கேஸைப் பார்த்தார்.

"அண்ணை சொல்லீட்டார் தானே, ஜெசி. சனத்துக்கு முன்னால என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். இவருக்கு "இல்லை" என்ற சொல் பிறக்கும்போதே வைக்கப்படவில்லை.

பின்னேரம் விகாரைக்கு முன்னால் தெருச் சந்தை. ஊர்ச்சனம் புல்லில் பாய் விரித்து, சின்ன மேசை வைத்து, குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். புருசன் பெண்சாதி இரண்டு பேர் ஒரு கோப்பையிலிருந்து நூடில்ஸ் எடுத்தார்கள். நான் நின்று பார்த்தேன். விசில். தலை எண்ண வேண்டுமாம்.

பெப்ரவரி 22, ஞாயிறு

இன்று பார்க்க வேண்டியது: சுவர் ஓவியம் உள்ள பழைய விகாரை. பார்த்தது: வான் கண்ணாடி.

ஞாயிறு பூசை விடக்கூடாது. சரி. எனக்கும் விருப்பம் இல்லை என்றில்லை. ஆனால் பக்கத்தில் எங்கே கோயில் என்று அ.அ. சோம்சாயை ஒழுங்காகக் கேட்கவில்லை. லண்டனில் இருக்கிற தன் மருமகனுக்குப் போன் அடித்து, அவன் கொம்பியூட்டரில் தேடி, பக்கத்து மாகாணத்தில் ஒன்றைச் சொன்னான். விடியமுன் வெளிக்கிட்டோம். மலை வளைவு. மூன்றாம் சீற்றில் இருந்த ஒரு அக்கா பொலித்தீன் பை தேடினா. நான் கொடுத்தேன். கட்டைச் சம்பல் சுற்றி வந்த பை.

போய்ச் சேரப் பூசை முடிந்து, கதவும் பூட்டு. சாவி வைத்திருந்த மனுசன் தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவி, திறந்துவிட்டான். நல்ல மனுசன். தேங்காய்த் தண்ணி தந்தான். அ.அ. அவனுடன் தமிழில் உரத்துப் பேசினார், உரத்துச் சொன்னால் விளங்கும் என்பது அவர் கொள்கை. பிறகு செபமாலை, பத்துப் பத்து மணியாக ஐந்து காரணிக்கமும், பாட்டோடு.

திரும்பும் வழியில் சாப்பிட நிற்பாட்டின இடத்தில் இவர் ஒரு மரத்தடியில் தனியாக நின்றார். இதுதான் தருணம் என்று கிட்டப் போனேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு விசயம் கதைக்கவேணும்."

"ஓம் ஓம்... பொறு, அண்ணை கூப்பிடுறார் போல கிடக்கு."

யாரும் கூப்பிடவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பெப்ரவரி 23, திங்கள்

ஒருவாறாக ஓவியம்.

சின்ன விகாரைதான். நாலு பக்கமும் வாசல், நடுவில் நாலு புத்தர், முதுகோடு முதுகு ஒட்டி நாலு திசையும் பார்த்தபடி. படிக்கட்டின் இரண்டு பக்கமும் நாகம், கட்டடத்தையே முதுகில் சுமந்துகொண்டு போகிற மாதிரி. புஷ்பமக்கா உள்ளே வரமாட்டன் என்றுவிட்டா.

"எங்கட ஊரில ஆமி கட்டின விகாரையள் பாத்தது காணும் பிள்ளை. நான் செருப்புக்குக் காவல் இருக்கிறன்."

பிழை சொல்லமாட்டேன். எனக்கும் வாசலில் கால் ஒருமுறை நின்றது. பிறகு உள்ளே போனேன். போனது நல்லது.

சுவர் முழுக்கச் சனம். சந்தைக்குப் போகிறவள், நெசவு நெய்கிறவள், சுருட்டுப் புகைக்கிறவன், பொடியன்கள், வெள்ளைக்காரன் ஏறிவந்த கப்பல். மேற்குப் பக்கம் ஆளளவு பெரிதாக இரண்டு பேர். உடம்பெல்லாம் பச்சை குத்தின ஒருவன் ஒரு பெண்ணின் தோளில் கை வைத்து, மற்றக் கையால் வாயை மறைத்து, அவள் காதில் ஏதோ சொல்கிறான். இந்தப் படம் ஊர் முழுவதும் ரீசேட்டில், பையில், தேத்தண்ணிக் கோப்பையில். கடையில் பார்க்கும்போது சலிப்பாக இருந்தது. சுவரில் அப்படியில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். என்ன சொல்கிறான் என்று யாருக்கும் தெரியாதாம். காதுக்குக் கிட்ட வந்து சொல்ல ஒரு ஆள்.

திரும்பினால் இவர் பக்கத்தில். ஒரு நிமிடம் நாங்கள் இரண்டு பேர்தான். இவரும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"எல்லாரும் சோடி சோடியா வாங்கோ! இதே மாதிரி நிண்டு படம் எடுப்பம்!"

அ.அ. செருப்புக் காவலிலிருந்த புஷ்பமக்காவையும் வாசல்வரை இழுத்து வந்துவிட்டார். ஒவ்வொரு சோடியாக நின்றார்கள். சிரிப்பு. அங்கே கும்பிட வந்த தாய்லாந்துப் பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் முறை. இவர் என் தோளில் கை வைத்தார். வாயை மறைத்தார். காதுக்குக் கிட்ட வந்தார். மூச்சுச் சூடு தெரிந்தது.

"சோத்துப் பெட்டியை வானுக்குள்ள வெயிலில விட்டிட்டினம்."

படத்தில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். குரூப்பில் போட்டு எல்லாரும் சிரிப்பு முகம் அனுப்பியிருக்கிறார்கள்.

பெப்ரவரி 24, செவ்வாய்

மண் தூண்கள் பார்க்க நா நொய் என்ற ஊருக்குப் போனோம். மழை அரித்து, மண் கோபுரம் கோபுரமாக நிற்கிறது, சிவப்பு. நல்ல வடிவு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஹோட்டலில் காலையில் ரைஸ் குக்கரும் கேத்திலும் ஒன்றாகப் போட்டு மாடி முழுக்கக் கரண்ட் போய், மன்னிப்புக் கேட்டு வெளிக்கிடவே நேரமாகிவிட்டது. அதனால் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். அந்த மண்ணில் நடக்க ஆசையாக இருந்தது. யாரும் நிழலை விட்டு வரவில்லை. "மண் தானே" என்றா ஒரு அக்கா.

இவர் எல்லாருடைய தண்ணிப் போத்தலையும் சுமந்துகொண்டு நின்றார். சேர்ந்து நடப்பமா என்று கேட்டேன். போத்தலைக் காட்டினார்.

கால் வீக்கம். ரெனிக்கு மறுமொழி போடவில்லை.

பெப்ரவரி 25, புதன். பொ க்ளுவா

மலை ஏறி, மறுபக்கம் இறங்கி, உப்புக் கிணறு இருக்கிற ஊர். இங்கே புகை குறைவு. குளிர்கூட இருந்தது, சால்வை எடுத்தேன். ஆறு ஓடுகிற சத்தம். இந்தப் பயணத்தில் முதல்முறையாக மூச்சு உள்ளே போனது.

மலை நடுவே கிணற்றில் உப்புத் தண்ணி ஊறுகிறது. வாளியால் இறைத்து, குடிசைக்குள் மண் அடுப்பில் பெரிய தாச்சியில் வைத்துக் காய்ச்சுகிறார்கள். உப்பு திரள அள்ளி, மேலே தொங்குகிற மூங்கில் கூடையில் போட, தண்ணி சொட்டுச் சொட்டாகத் திரும்பத் தாச்சிக்கே விழுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அ.அ. பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மன்னார்க்காரர். உப்பளத்துக் காற்றில் வளர்ந்தவர்.

"மலையில உப்போ? ஆருக்குக் காது குத்துறியள்? கடல் எங்க கிடக்கு, இது எங்க கிடக்கு!"

கிணற்றைச் சுற்றி வந்து குழாய் எங்கே ஒளித்திருக்கிறது என்று தேடினார். விரலால் தொட்டு நக்கினார். அடுப்படியில் நின்ற பெண்ணிடம் தமிழில் விளக்கம் கேட்டார், அவள் சிரித்துக்கொண்டு ஒரு கரண்டி சூட்டு உப்பைக் கையில் வைத்தாள். கை சுட்டு உதறினார். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கயோ ஒரு லொறி வருது" என்கிறார் இன்னும்.

புஷ்பமக்காவுக்குச் சந்தேகம் இல்லை. பை பையாக வாங்கினா. மற்றவர்களும். ஊரில் ஆனையிறவு உப்பு, லண்டனில் எந்த உப்பு என்று கேட்டால் தெரியாது, ஆனால் இங்கிருந்து கோயில் முழுக்கக் கொடுக்க உப்பு.

ஆற்றங்கரையில் உட்கார ஒரு பலகை வாங்கு இருந்தது. இரண்டு பேர் இருக்கக் கணக்கு. இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினேன்.

"இப்ப ஆரும் கூப்பிட்டாலும் எழும்பப்படாது."

"ம்."

"எனக்கு..."

"செபா! கொஞ்சம் இஞ்ச வாருமன்! உப்பை வானுக்கு ஏத்தவேணும்!"

அ.அ. கூப்பிட்டவுடன் இவர் எழும்பினார். எழும்பினது எனக்குப் பெரிதில்லை. எழும்பும்போது முகத்தில் ஒரு ஆறுதல். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கும்போது மணி அடித்த பிள்ளை மாதிரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உப்புப் பைகளோடு மேட்டில் ஏறிப்போகும் முதுகைப் பார்த்தபடி இருந்தேன். நல்ல மனுசன். உலகத்துக்கே நல்ல மனுசன். எனக்கு மட்டும் நேரமில்லை.

பெப்ரவரி 26, வியாழன்

புஷ்பமக்காவுக்கு வயிறு. குளிசை கொடுத்தேன். ஐந்து நாளாக ஹோட்டல் அறையில் வைத்த சம்பல்தான் என்று எனக்குத் தெரியும். அவ தாய்ச் சாப்பாடு என்கிறா. ஒரு வாய் தாய்ச் சாப்பாடு இதுவரை அவ வயிற்றுக்குள் போகவில்லை.

மத்தியானம் எல்லாரும் படுக்க, தனியாகப் போய் ஒரு சின்னக் கடையில் கவ் சோய் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் குழம்பில் நூடில்ஸ், மேலே பொரித்த நூடில்ஸ், கோழிக்கால், பக்கத்தில் ஊறுகாய், எலுமிச்சை. குழம்பு எங்கள் சொதிக்கும் கறிக்கும் நடுவில் எங்கேயோ. கடைக்காரி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். தனியாகச் சாப்பிடுவது இவ்வளவு சுகமா? பிறகு பயமாகவும் இருந்தது. நோர்விச்சில் தினமும் இப்படித்தான்.

நாளை, வீடியோவில் பார்த்த அந்தப் பூ மரம். நாளை சொல்லாவிட்டால் பிறகு விமானத்தில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்.

பெப்ரவரி 27, வெள்ளி. டொய் பூ கா

சொல்லியாயிற்று. ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

காலையில் மலை முழுக்க மூடுபனி. தேசியப் பூங்கா நடைபாதை. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, ஈரம், இறகு போன்ற இலையோடு பெரிய பன்னத் தாவரங்கள், தடித்த கொடிகள். கொஞ்சத்துக்குக் கொஞ்சம் பலகை. தாய் எழுத்தில் மரத்தின் பேர், மேலே இலக்கம். ஒன்று, இரண்டு, மூன்று.

தவக்கால வெள்ளி. அ.அ. முதலாம் பலகைக்கு முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"பாத்தியளே? ஆண்டவர் எங்களுக்கெண்டு இலக்கம் போட்டு வச்சிருக்கிறார். சிலுவைப்பாதை செய்வம்."

செய்தோம். ஆண்டவர் சிலுவை சுமந்துபோன பதினாலு ஸ்தலத்துக்கும் ஒவ்வொரு பலகை என்று நின்று, வாசித்து, ஈரமண்ணில் முழங்காலில் இருந்து, எழும்பி, பாட்டு. ஆண்டவர் முதல்முறை விழுந்த இடத்தில் ஏதோ ஒரு காட்டு வாழை. பின்னால் ஒரு தாய்லாந்துச் சோடி வந்தது, இளம் பிள்ளைகள். எங்களைக் கடந்து போகத் துணியாமல் கைகூப்பிக்கொண்டு ஒவ்வொரு ஸ்தலத்திலும் தாங்களும் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஏழாம் பலகையில் ஆண்டவர் இரண்டாம்முறை விழுந்தார். நான் முழங்காலில் இருந்து எழும்பினேன், பாட்டுக்கு நிற்கவில்லை. நேரே நடந்தேன். சிலுவைப்பாதையை நடுவில் விட்டு நான் எழும்பினது வாழ்க்கையில் இதுதான் முதல்.

"ஜெசி! எங்க போறாய்? இன்னும் ஏழு கிடக்கு!" புஷ்பமக்கா.

திரும்பவில்லை.

பாதை றோட்டில் ஏறுகிற இடத்தில் அந்த மரம். உயரம். பூ உச்சியில், பனிக்குள், இளஞ்சிவப்பாக ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. இதற்காகவா இவ்வளவு தூரம்.

பின்னால் இவர், மூச்சிரைக்க.

"ஏன் இடையில விட்டிட்டு வந்தனி? அண்ணை ஒரு மாதிரிப் பாக்கிறார்."

"எனக்கு நோர்விச்சில வேலை கிடைச்சிருக்கு. நான் போகப்போறன்."

இத்தனை நாள் நெஞ்சில் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. இது மட்டும் வந்தது, கத்தலாக. இவர் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"இதுதானோ?"

"எது இதுதானோ?"

"நீ சொல்ல வந்தது." கண்ணாடியைக் கழற்றிப் பனியைத் துடைத்தார். "இத்தினை வருசத்தில நீ என்னைக் கேளாமல் ஒரு டிக்கெட் எடுக்கேல்லை. எடுத்துப்போட்டுச் சொன்னனி. நாங்கள் ரெண்டு பேர் மட்டும் எண்டனி. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. என்னை விட்டிட்டுப் போறன் எண்டு சொல்லத்தான் கூட்டிக்கொண்டு போறாய் எண்டு நினைச்சன்."

"அதுக்கு?"

"சனம் நிண்டா நீ சொல்லமாட்டாய் தானே. அதான் அண்ணையைக் கூப்பிட்டன்."

அப்படியானால் வாய்தவறி வந்த "வாங்கோவன்" இல்லை அது. மேல் மாடி, கீழ் மாடி, தண்ணிப் போத்தல், உப்பு, எல்லாம் இவருக்குச் சம்மதம். இவ்வளவு நாளும் இல்லை என்று சொல்லத் தெரியாத அப்பாவி என்று கோபித்தேன். பயந்துபோய் ஏழு பேரை மதிலாகக் கட்டி வைத்திருந்திருக்கிறார்.

"உங்களுக்கு விசரோ?" என்று கேட்டேன். உரத்துத்தான் கேட்டேன்.

"ஓம்" என்றார்.

அடிக்கவேண்டும் போல இருந்தது. அந்த ஈரக் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

"விட்டிட்டுப் போறதெண்டு நான் சொல்லேல்லை. வேலைக்குப் போறன். நீங்கள் வந்தாலும் போறன், வராட்டிலும் போறன்."

"நான் வரவேணுமெண்டு உனக்கு விருப்பமோ?"

வாங்கோவன் என்று சொன்னால் முடிந்தது. அந்தச் சொல்லைக் கோயில் ஹோலில் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டார் இந்த மனுசன். எனக்கு வாய் வரவில்லை. காட்டுக்குள்ளிருந்து பாட்டுக் கிட்ட வந்தது. பதினோராம் பலகையோடு இலக்கம் முடிந்துவிட்டதாம், மிச்சத்தை வான் நிற்கிற இடத்தில் செய்தார்கள். சோம்சாய் சிகரெட்டை அணைத்துவிட்டு அவனும் நின்றான்.

மார்ச் 1, ஞாயிறு. டூட்டிங்

காலை ஹீத்ரோ. மழை, எதிர்பார்த்ததுதான். சூட்கேஸில் மற்றவர்களின் உப்பு. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நோர்விச்சுக்கு மெயில் போட்டேன், வருகிறேன் என்று. போட்டுவிட்டு அழுதேன், ஏனென்று தெரியாது. இவர் மேலே குளித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி முதல் இருவரும் அளந்துதான் பேசுகிறோம். பெட்டி எங்கே. பாஸ்போட் எங்கே.

பின்னேரம் தமிழ்ப் பூசை. போகாமல் விட ஏலுமா, அ.அ. வீட்டுக்கே வந்து தலை எண்ணுவார். முடிந்து ஹோலில் தேத்தண்ணி, றோல்ஸ். புஷ்பமக்கா உப்பு பங்கிட்டா. மலைக் கிணறு என்று அவ சொல்ல, லொறி என்று அ.அ. சொன்னார்.

பிறகு புஷ்பமக்கா என் பக்கம் திரும்பி, ஹோல் முழுக்கக் கேட்க:

"நோர்விச் போறியாம் பிள்ளை? அண்டைக்குக் காட்டுக்க நீ கத்தினது கேட்டுது."

எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. வெள்ளி பின்னேரத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும் போல. அ.அ. முகம் மலர்ந்து போனது.

"நல்லதாப் போச்சு! நோர்விச் வால்சிங்கம் போற வழி தானே. இந்த முறை பஸ்ஸை ஜெசி வீட்டடியில நிப்பாட்டுவம். ஒரு அம்பது பேர். தேத்தண்ணி, றோல்ஸ் மாதிரிக் கொஞ்சம் சோட்டீற்ஸ். பின்னேரம் திரும்பேக்க புட்டு. பெண்டுகள் வேணுமெண்டா ஒரு ராத்திரி தங்கலாம். என்ன, செபா?"

சந்தோசம் ஹோல் முழுக்க. வீடு இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் அதில் யார் எங்கே படுப்பது என்று பேச்சு. நான் இவரைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன, இவருடைய மறுமொழி எனக்குப் பாடம்.

"இல்லை அண்ணை."

நான் பார்த்தேன். இவர்தான்.

"என்ன இல்லை?"

"பஸ் அங்க நிக்காது."

அ.அ. சிரித்தார், பகிடி என்று நினைத்து. இவர் சிரிக்கவில்லை. கையில் கோப்பை, தேத்தண்ணி தளும்பிச் சேட்டில் கொட்டுகிறது, துடைக்கவுமில்லை.

"ஏலாது அண்ணை. குறை நினையாதேங்கோ."

யாரோ ஒரு பிள்ளை கதிரை இழுத்த சத்தம். அ.அ. தன் தொப்பியைத் தேடத் தொடங்கினார், தொப்பி தலையில் இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் போய்விட்டது.

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். நனைந்துகொண்டு கார்வரை. உள்ளே ஏறியதும் கேட்டார்:

"அண்ணை கோவிச்சிட்டார் என்ன?"

"ஓம்."

"நல்லாக் கோவிச்சிட்டாரோ?"

"நல்லா."

சாவியைப் போட்டார், திருப்பவில்லை. முன்கண்ணாடியில் மழை வழிய அப்பர் டூட்டிங் றோட்டு முழுக்கக் கலங்கித் தெரிந்தது.

"நோர்விச்சில எத்தினை பேருக்கு வீடு பாக்கிறாய்?"

எனக்குக் கோபம் தீரவில்லை. இதை எழுதும்போதும் தீரவில்லை.

"ரெண்டு பேருக்கு" என்றேன். "மூண்டாவது ஆள் வந்தால் கதவு திறக்கமாட்டன்."